பிளேடு சேஸிஸில் கை வைக்கும் முன்: பொருத்துவது, ஃபர்ம்வேர் ஏற்றுவது, பழுது பார்ப்பது

சாதாரண ரேக் சர்வர் தனி வீடு மாதிரி. பிளேடு எனும் மெல்லிய சர்வர்கள் பலவற்றை ஒரே கூட்டில் செருகும் பிளேடு சேஸிஸ், நம் எச்டிபி அடுக்குமாடி பிளாக் மாதிரி. வீட்டுக்குள் சுவரில் ஆணி அடிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் லிஃப்டையோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையோ தொட்டால் பிளாக் முழுவதும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும். சிங்கப்பூர் டேட்டா சென்டர்களில் இந்த வேலையைப் பல வருடங்கள் பார்த்த பிறகும், ஒவ்வொரு முறை ஸ்க்ரூடிரைவரை எடுக்கும்போதும் நான் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: இப்போது செய்யப்போவது வீட்டு வேலையா, பிளாக் வேலையா?

எது பொது, எது தனி என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எச்பிஈ சி7000 சேஸிஸ் 10 யூ உயரம் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு). அதில் அரை உயர பிளேடு 16 போகும், முழு உயரம் என்றால் 8. இந்தப் பதினாறும் 6 பவர் சப்ளை, 10 ஃபேன், 8 இன்டர்கனெக்ட் பே (நெட்வொர்க், ஸ்டோரேஜ் மாட்யூல்களைச் செருகும் பின்பக்க இடங்கள்), சேஸிஸை நிர்வகிக்கும் 2 ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. இனி கடைசியில் சொன்னதை ஓஏ என்றே சொல்கிறேன், டிசியில் (டேட்டா சென்டரில்) எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். டெல் எம்1000இ-யும் அதே 10 யூ, அதே 16 பிளேடு, 6 பவர் சப்ளை. ஃபேன் 9, நெட்வொர்க் மாட்யூல் 6. ஓஏ-யின் இடத்தில் அங்கே சிஎம்சி. சிஸ்கோ யூசிஎஸ் 5108 சற்றுச் சின்னது: 6 யூ, 8 பிளேடு, 4 பவர் சப்ளை, 8 ஃபேன். அதன் மூளை சேஸிஸுக்கு வெளியே, ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் என்ற தனி ஸ்விட்சில் இருக்கிறது. எல்லாவற்றையும் இணைப்பது நடுவில் நிற்கும் மிட்பிளேன் போர்டு. 2018-இல் வந்த டெல் எம்எக்ஸ்7000 அந்த மிட்பிளேனையே எடுத்துவிட்டது. ஆனால் நம் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இன்னும் மிட்பிளேன் உள்ளவைதான்.

பிளேடு என்பது வீடு. மற்ற எல்லாம் பிளாக்.

டிசிக்குக் கிளம்பும் முன்

கரண்டுக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2,400 வாட் பவர் சப்ளை ஆறு இருக்கிறது, ஆக 14,400 வாட் கிடைக்கும் என்று நினைப்பது தப்பு. ரேக்குக்குத் தனித்தனியாக வரும் இரண்டு மின் இணைப்புகளில், ஏ ஃபீடில் மூன்று, பி ஃபீடில் மூன்று என்று செருகி, ஒரு ஃபீடு முழுதாகப் போனாலும் சேஸிஸ் நிற்கக் கூடாது என்று அமைத்தால், கையில் இருப்பது 7,200 வாட்தான். நம் ஊர் 230 வோல்ட்டில் அது 31 ஆம்பியரைத் தாண்டும். 32 ஆம்பியர் ஃபீடில் அது விளிம்பில் நிற்பது போல. தொடர்ந்து ஓடும் சுமையை ஃபீடின் எண்பது சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம். அப்படியென்றால் சேஸிஸை நிரப்பும் முன், ரேக்குக்கு ஒப்பந்தத்தில் எத்தனை கிலோவாட் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் இது சும்மா தாளில் கிடக்கும் எண் இல்லை. 2020 நிலவரப்படி நாட்டின் மொத்த மின்சாரத்தில் 7 சதவீதத்தை டேட்டா சென்டர்களே எடுத்துக்கொண்டன. 2019 முதல் 2022 வரை புதிய டேட்டா சென்டர்களுக்கு அரசு தற்காலிகத் தடையே போட்டிருந்தது. ஒப்பந்தத்துக்கு மேல் ஒரு கிலோவாட் கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

கேபிளையும் பாருங்கள். இந்தப் பவர் சப்ளைகளுக்கு வேண்டியது தடித்த சி19 முனை. சாதாரண சர்வரின் சி13 கேபிள் நுழையவே நுழையாது. பிடியுவில் (ரேக்கின் மின் பங்கீட்டுப் பட்டையில்) ஆறு சி19 துளை காலியாக இருக்கிறதா, அவை இரண்டு வெவ்வேறு ஃபீடிலிருந்து வருகின்றனவா என்று புகைப்படம் கேட்டு வாங்குங்கள். போய் நின்ற பிறகு தெரிந்துகொண்டால் அன்றைய இரவு வீண்.

எடை இன்னொன்று. நிறைந்த சி7000 200 கிலோவைத் தாண்டும். பிளேடு, ஃபேன், பவர் சப்ளை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை மட்டும் ரேக்கின் அடிப்பகுதியில் ஏற்றுங்கள். லிஃப்டர் டிராலி இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். ‘நாலு பேர் பிடிச்சா போதும்ணே’ என்று யாராவது சொன்னால், அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றும் சேட்டை செய்யும். குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்த பெட்டியை லோடிங் பேயின் புழுக்கத்தில் திறந்தால், ஐஸ் போட்ட மைலோ கிளாஸில் வேர்ப்பது போல உலோகத்தில் நீர் கோத்துக்கொள்ளும். பெட்டியை மூடியபடியே உள்ளே கொண்டுபோய், ஸ்டேஜிங் அறையில் சில மணி நேரம் வைத்த பிறகு திறவுங்கள். அட்டைப்பெட்டியைச் சர்வர் ஹாலுக்குள் கொண்டுபோக வேண்டாம், அதன் தூசு ஃபேன்களுக்குள் போகும். ‘சிங்கப்பூரில் ஏது ஸ்டாட்டிக், இவ்வளவு ஈரம் இருக்கே’ என்று மணிக்கட்டுப் பட்டையை விட்டுவிடாதீர்கள். வெளியேதான் ஈரம். ஹாலுக்குள் இருப்பது ஏசியில் ஈரம் வடிந்த காற்று.

குடிவருவதற்கு முன் பிளாக்கைத் தயார் செய்வது

கூடு ரேக்கில் நின்றதும் ஃபேன், பவர் சப்ளை, இரண்டு ஓஏ, இன்டர்கனெக்ட் மாட்யூல்கள், இந்த வரிசையில் போடுங்கள். பிளேடு ஒன்றுகூட இப்போது வேண்டாம். கரண்ட் கொடுத்து ஓஏ-க்கு ஐபி கொடுங்கள். இரண்டு ஓஏ என்றால் இரண்டு ஐபி. எம்1000இ-யின் சிஎம்சி 192.168.0.120 என்ற ஆலை முகவரியோடு வரும். லேப்டாப்பை நேராகச் செருகி அதை மாற்றுங்கள், கூடவே ஆலைக் கடவுச்சொல்லையும். அதை மாற்றாமல் போவோர் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாத புதிர்.

சி7000-இல் ஒவ்வொரு பிளேடு பேயின் ஐலோவுக்கும் (பிளேடுக்குள் இருக்கும் மேலாண்மைச் சிப்) நிலையான ஐபி ஒதுக்கும் வசதி உண்டு. அதை இப்போதே நிரப்புங்கள். பே 1-க்கு .101, பே 16-க்கு .116 என்று வைத்தால், நடு ராத்திரியில் தூக்கக் கண்ணோடு எந்த பிளேடு என்று தேட வேண்டியிருக்காது.

அப்புறம், சேஸிஸ் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, ஏற்ற இதைவிட நல்ல நேரம் வராது. லிஃப்டைச் சரிசெய்ய வேண்டும் என்றால் யாரும் குடிவராத நாளில் செய்வதுதானே புத்தி.

பிளேடைப் பொருத்துவது

அரை உயர பிளேடுகளில் மேல்வரிசை 1 முதல் 8, கீழ்வரிசை 9 முதல் 16. முழு உயர பிளேடு ஒன்றை 1-இல் போட்டால் 9-உம் அதற்கே போய்விடும்.

பொருத்தும் முன் மூடியைத் திறந்து, பிளேடுக்குள் கூடுதலாகச் செருகும் மெஸ்ஸனைன் கார்டைப் பாருங்கள். பிளேடுக்குள் எந்த இடத்தில் கார்டு இருக்கிறதோ, பின்பக்கம் எந்த மாட்யூலோடு அது பேசும் என்பது மிட்பிளேனில் ஏற்கெனவே எழுதப்பட்ட விதி. சி7000-இன் அரை உயர பிளேடில், போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் போர்ட்டுகள் இன்டர்கனெக்ட் பே 1, 2-க்குப் போகும். மெஸ்ஸனைன் 1 போவது 3, 4-க்கு. மெஸ்ஸனைன் 2 போவது 5 முதல் 8 வரை. ஃபைபர் சேனல் கார்டை மெஸ்ஸனைன் 1-இல் போட்டு, ஃபைபர் சேனல் ஸ்விட்சைப் பே 5-இல் வைத்தால் இரண்டும் ஜென்மத்துக்கும் சந்திக்காது. எம்1000இ-யில் இதே கதை ஏ, பி, சி என்று மூன்று ஃபேப்ரிக்காக நடக்கிறது. அங்கே கார்டின் வகையும் மாட்யூலின் வகையும் பொருந்தாவிட்டால், பிளேடுக்குக் கரண்ட் கொடுக்கவே சிஎம்சி மறுத்துவிடும். புது பிளேடு ‘செத்துப் பிறந்தது’ என்று திருப்பி அனுப்பத் துடிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

உள்ளே தள்ளும்போது ஒரு கை அடியில் தாங்கட்டும், இன்னொரு கை முகப்பைத் தள்ளட்டும். நெம்புகோல் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு சென்டிமீட்டர் வரை பிளேடு தானாக வழுக்கிப் போகும். அதற்கு முன்பே முட்டினால் நிறுத்துங்கள், வெளியே இழுங்கள், பாருங்கள். நெம்புகோல் என்பது கடைசியில் கனெக்டரைக் கவ்வவைக்கும் பிடி. தடையை உடைத்துக்கொண்டு போக அது கடப்பாரை இல்லை.

செருகியதும் பவர் பட்டனை அமுக்காதீர்கள். பிளேடின் மேலாண்மைச் சிப் முதலில் எழுந்து, சேஸிஸோடு பேசி, ‘எனக்கு இவ்வளவு வாட் வேண்டும்’ என்று கேட்டு, அனுமதி வாங்க வேண்டும். அதற்குச் சில நிமிடம் ஆகும். விளக்கு மினுங்குவதைப் பார்த்துப் பயந்து உருவிச் செருகினால், அந்த நிமிடங்கள் முதலிலிருந்து தொடங்கும்.

காலி ஸ்லாட்டுகளில் மூடித் தகடு கட்டாயம். காற்று சோம்பேறி, எளிய வழி கிடைத்தால் அதில்தான் போகும். ஒரு தகடு இல்லாவிட்டால் காற்று அந்த ஓட்டை வழியே ஓடிவிடும், பக்கத்து பிளேடுகள் வேகும், ஃபேன்கள் எல்லாம் கத்தத் தொடங்கும். இது முன்னைவிட இப்போது முக்கியம். 2023-இல் ஐஎம்டிஏ என்ற அரசு அமைப்பு வெளியிட்ட வெப்பமண்டல டேட்டா சென்டர் தரநிலை, ஹால்களின் வெப்பநிலையைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் மேலே கொண்டுபோகச் சொல்கிறது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலை பார்த்த காலத்தில் தகடு இல்லாத தவறைக் குளிர் மன்னித்துவிட்டது. இனி மன்னிக்காது.

ஃபர்ம்வேர்: எங்கே தொடங்குவது

ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டு போதும். ஐலோ 4-இல் 2017-இல் வெளியே தெரிந்த ஓட்டை: வலைக் கோரிக்கையின் ஒரு தலைப்பில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை 29 முறை அடித்து அனுப்பினால், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போய்விடலாம். 2.53 பதிப்பில் அடைத்தார்கள். இரண்டாவது, 2019 நவம்பரில் எச்பிஈயே கொடுத்த எச்சரிக்கை: சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் பழைய ஃபர்ம்வேரோடு 32,768 மணி நேரம் ஓடினால் செத்துவிடும், தரவும் திரும்பாது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஓடவிட்ட டிஸ்குகள் ஒரே மணியில் போகும் என்றால், ஒரு டிஸ்கு போனால் மற்றவை காக்கும் ரெய்டு என்ன செய்யும்?

சரி, வரிசை. இது கம்பெனிக்குக் கம்பெனி, பதிப்புக்குப் பதிப்பு மாறும். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் போன தடவை செய்த வரிசையிலேயே செய்வது ஆபத்து. யூசிஎஸ்ஸில் தெளிவாக உண்டு: முதலில் யூசிஎஸ் மேனேஜர், பிறகு சேஸிஸின் ஐஓ மாட்யூல், பிறகு துணை ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட், பிறகு முதன்மை, கடைசியில் பிளேடுகள். தானியங்கி முறையில் போனால், முதன்மையை ரீபூட் செய்யும் முன் உங்கள் சம்மதம் கேட்டு நிற்கும். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லாதீர்கள். துணை இன்டர்கனெக்ட் எழுந்து எல்லாப் பாதைகளும் திரும்பிவிட்டனவா என்று பார்ப்பதற்காகத்தான் அது நிற்கிறது.

எந்தச் சேஸிஸாக இருந்தாலும் முதல் வேலை அமைப்புகளைக் கோப்பாக எடுத்து வெளியே வைப்பது. ஓஏ அமைப்பு, விர்ச்சுவல் கனெக்ட் (எச்பிஈயின் இன்டர்கனெக்ட் மாட்யூல்) டொமைன், யூசிஎஸ் என்றால் முழு பேக்கப்.

ஓஏ புதுப்பிப்பு பெரும்பாலும் வலிக்காது. ஓஏ ரீபூட் ஆனாலும் ஓடுகிற பிளேடும் நெட்வொர்க்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேன்கள் சற்று நேரம் சத்தம் போடலாம், அவ்வளவுதான். இரண்டு ஓஏ-யிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று முடிவில் பாருங்கள்.

இன்டர்கனெக்ட் மாட்யூல்தான் உண்மையான பிளாக் வேலை. காகிதத்தில் எல்லா பிளேடுக்கும் இரண்டு பாதை இருக்கும். நிஜத்தில், என் அனுபவத்தில், பதினாறில் ஒன்று எப்போதும் ஒற்றைக்காலில் நிற்கும். யாரோ சோதனைக்காக ஒரு போர்ட்டை டீமிங்கிலிருந்து (போர்ட்டுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பிலிருந்து) எடுத்திருப்பார், திரும்பச் சேர்க்க மறந்திருப்பார். அதனால் மாட்யூலைத் தொடும் முன் ஒவ்வொரு ஹோஸ்டிலும் போய் நெட்வொர்க் போர்ட் இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா, ஸ்டோரேஜ் பாதைகள் எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதுகிறேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு என்றால் அன்று வேலை நடக்காது. பே 1-ஐப் புதுப்பித்து, அது எழுந்து, பாதைகளை மறுபடி எண்ணி, பழைய எண் வந்த பிறகே பே 2.

பிளேடுகளைப் பொறுத்தவரை ஒவ்வொன்றாக விர்ச்சுவல் மெஷின்களை இடம் மாற்றி, மெயின்டனன்ஸில் போட்டு, ஏற்றி, திரும்பக் கொண்டுவருவதுதான். முக்கியமில்லாத ஒரு பிளேடில் முதலில் செய்து, இரண்டு மூன்று நாள் ஓடவிட்டுப் பாருங்கள். பயாஸ், ஐலோ, நெட்வொர்க் கார்டு என்று ஒவ்வொன்றையும் வெவ்வேறு மாதப் பதிப்பிலிருந்து பொறுக்க வேண்டாம். கம்பெனி சேர்த்துச் சோதித்து வெளியிடும் தொகுப்பையே எடுங்கள்.

வங்கி வாடிக்கையாளர் என்றால் இன்னும் கவனம். முக்கியமான கணினி அமைப்பு எதுவும் எந்த 12 மாதக் காலத்திலும் எதிர்பாராத விதமாக மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது நாணய வாரியமான மாஸின் விதி. வருடத்துக்கே 4 மணி நேரம். ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு நம்மை வரச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பழுது: முதலில் எண்ணுங்கள்

பிரச்சினை ஒரு பிளேடிலா, பலவற்றிலா? ஒன்று என்றால் வீட்டுக்குள் தேடுங்கள். பல என்றால் அவற்றுக்குப் பொதுவாக இருப்பதைத் தேடுங்கள். எல்லா பிளேடிலும் இரண்டாவது போர்ட் மட்டும் போயிருக்கிறதா, பின்பக்கம் போய்ப் பே 2-ஐப் பாருங்கள். பிளேடுகளைத் தொடவே வேண்டாம். எல்லா ஃபேனும் அலறுகிறதா, செத்த ஃபேன் ஒன்று, விழுந்த மூடித் தகடு ஒன்று, அல்லது ஓஏ-யே போயிருக்கும்.

ஓஏ பக்கம் திறக்கவில்லை, ஆனால் சர்வர்கள் ஓடுகின்றன என்றால் பதறாதீர்கள். பாதி நேரம் ஓஏ நன்றாகத்தான் இருக்கும். அதன் பழைய டிஎல்எஸ் குறியாக்க முறையைப் புது பிரவுசர் ஏற்காது, அவ்வளவுதான். பழைய பிரவுசர் போட்ட விர்ச்சுவல் மெஷின் ஒன்றை, இணையத் தொடர்பு இல்லாமல், இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

ஒற்றை பிளேடு எழவில்லை என்றால், முதலில் ஓஏ-யின் லாக். கரண்ட் போதவில்லை, கார்டு பொருந்தவில்லை, ஃபேன் போதவில்லை, இந்த மூன்றையும் அது வாய்விட்டே சொல்லும். அடுத்து பிளேடின் ஐலோ லாக். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் உருவ ஓடாதீர்கள். அந்த ஸ்லாட்டின் கரண்டை மட்டும் ஒரு கணம் துண்டித்துத் திரும்பக் கொடுக்கும் கட்டளை ஓஏ-யிலும் உண்டு, சிஎம்சியிலும் உண்டு. உருவிச் செருகுவதன் பலன் முழுவதும் அதிலேயே கிடைக்கும், டிசி இருக்கும் தாய் செங்குக்கு டாக்ஸி பிடிக்காமலே. ஆனால் ஸ்லாட் எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு அடியுங்கள். எண் தப்பினால் பக்கத்து வீட்டு விளக்கு அணைந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் கையால் உருவுவது. இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாடிக்கையாளர் இடத்தில் ஸ்லாட் 5 பிளேடு எழவில்லை. புத்தகப் பாடப்படி அதை உருவி, காலியாக இருந்த 11-இல் போட்டேன். அங்கேயும் எழவில்லை. சரி, பிளேடுதான் போச்சு என்று ஸ்பேர் பிளேடை எடுத்து 5-இல் போட்டேன். அதுவும் எழவில்லை. ஸ்பேரை 11-க்கு மாற்றினேன். இல்லை. இப்போது என் கையில் இரண்டு செத்த பிளேடு, இரண்டு செத்த ஸ்லாட். கூட வந்த அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, கையில டார்ச் இல்லையா?” டார்ச் அடித்து 5-க்குள் பார்த்தால், மிட்பிளேன் கனெக்டரில் தலைமுடி கனத்தில் ஒரு பின் படுத்துக் கிடந்தது. அது முதல் பிளேடின் கனெக்டரைச் சிதைத்தது. சிதைந்த கனெக்டர் 11-இன் பின்னை மடக்கியது. மிட்பிளேனை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்காக நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற பிளேடுகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டு வேலை என்று நினைத்துப் பிளாக்கையே இடித்த கதை.

அன்றிலிருந்து என் வழக்கம்: உருவிய பிளேடு கையில் இருக்கும்போதே அதன் பின்பக்கக் கனெக்டர், பிறகு ஸ்லாட்டின் உள்பக்கம், இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்து, போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்ப்பேன். பின்கள் நேர்க்கோட்டில் நிற்கின்றன என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகே அதே ஸ்லாட்டில் திரும்பப் போடுவேன். வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போடும் சோதனை அதற்கும் பிறகுதான். ஒரு பின் வளைந்திருந்தாலும் சோதனை அங்கேயே நிற்கும்.

பிளேடையே மாற்றிய பிறகு வரும் தலைவலி வேறு. சர்வர் எழும், ஸ்டோரேஜ் தெரியாது. காரணம் பெரும்பாலும் டபிள்யூடபிள்யூஎன், அதாவது ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் கார்டின் அடையாள எண். புது பிளேடின் கார்டுக்குப் புது எண், யார் யாரோடு பேசலாம் என்று ஸ்டோரேஜ் ஸ்விட்சில் எழுதிவைக்கும் ஜோனிங்கிலோ பழைய எண். விர்ச்சுவல் கனெக்ட் புரொஃபைல், யூசிஎஸ் சர்வீஸ் புரொஃபைல், டெல்லின் ஃபிளெக்ஸ்அட்ரஸ் எல்லாம் இந்த எண்ணைக் கார்டிடமிருந்து பிரித்து வைக்கத்தான் வந்தன. அவற்றைப் பயன்படுத்தினால் குடித்தனக்காரர் மாறினாலும் வீட்டு எண் மாறாது. பயன்படுத்தவில்லை என்றால், பிளேடை மாற்றும் முன்பே ஸ்டோரேஜ் பார்ப்பவரை எழுப்பிவிடுங்கள். மதர்போர்டு மட்டும் மாறியிருந்தால், பழைய சீரியல் எண்ணைப் பயாஸில் திரும்ப எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் அடுத்த முறை வாரண்டி கேட்கும்போது இந்தச் சர்வர் எங்களுடையதே இல்லை என்பார்கள்.

கம்பெனியைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கூப்பிடும் முன்பே ஓஏ-யின் முழு வெளியீடு, ஐலோவின் ஆக்டிவ் ஹெல்த் லாக், யூசிஎஸ் என்றால் டெக் சப்போர்ட் கோப்பு, கூடவே அந்தப் பின்களின் படம், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரேக்குக்கு முன்னால் நின்றுகொண்டே கூப்பிடுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து கூப்பிட்டால், முதல் கேள்வியே ‘பிளேடின் விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது’ என்பதாக இருக்கும்.